ஆர்கேட் பெட்டிக்கு எந்தத் திரை? பலகை வெட்டுமுன் போடவேண்டிய கணக்கு

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒரு தம்பி போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். வீட்டுக்கு ஓர் ஆர்கேட் பெட்டி (காசு போட்டு ஆடும் பழைய வீடியோ விளையாட்டு இயந்திரம்) கட்டுவதென்று முடிவெடுத்து, 18 மில்லிமீற்றர் பிளைவூட் வாங்கி, மொறட்டுவையில் ஒரு தச்சரிடம் படமும் வரைந்து கொடுத்துவிட்டார். தச்சர் கேட்ட முதற் கேள்வி, "உள்ளகலம் எவ்வளவு?" தம்பியிடம் பதில் இல்லை. திரையைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்.

இதே இடத்தில் வந்து நிற்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். ஜோய்ஸ்டிக், பொத்தான், பெட்டியின் பக்கத்தில் ஒட்டும் ஓவியம் எல்லாவற்றையும் ஆசை ஆசையாகத் தெரிவுசெய்கிறார்கள். திரை என்று வரும்போது மட்டும் "27 அங்குலமா, 32 அங்குலமா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஜோய்ஸ்டிக் பிடிக்காவிட்டால் ஒரு மாலைப் பொழுதில் மாற்றிவிடலாம். திரை பிடிக்காவிட்டால் மரத்தில் கைவைக்க வேண்டும். ஆகவே வேலையின் ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: முதலில் விளையாட்டுகளின் பட்டியல், பிறகு திரை, அதற்குப் பிறகே பலகை.

## எவற்றை வைத்து எடைபோடுவது

நிலைக்குத்தா, கிடையா. 1980இல் நாம்கோ வெளியிட்ட பக்-மேன், 1981இன் கலகா, டொங்கி கோங், 1984இல் வந்த "1942" என்ற விளையாட்டு எல்லாம் நிலைக்குத்துத் திரைக்காகவே செய்யப்பட்டவை. அவற்றின் பெட்டிகளில் படக்குழாயைப் பக்கவாட்டில் திருப்பிப் பொருத்தியிருந்தார்கள். பக்-மேனின் படம் 224 புள்ளி அகலமும் 288 புள்ளி உயரமும் கொண்டது. 1991இல் கப்கொம் தந்த ஸ்ட்ரீட் பைட்டர் 2, அடுத்த ஆண்டின் மோர்ட்டல் கொம்பாட், பின்னர் வந்த மெட்டல் ஸ்லக் போன்றவை கிடைத்திரைக்குரியவை. இரண்டு வகையிலும் படத்தின் விகிதம் 4:3 தான். ஒன்று படுத்திருக்கும், மற்றது நிமிர்ந்திருக்கும். இன்று கடையில் கிடைப்பவையோ பெரும்பாலும் 16:9. உங்கள் பட்டியலை ஒரு தாளில் எழுதி, எத்தனை நிலைக்குத்து, எத்தனை கிடை என்று எண்ணிப் பாருங்கள். நான் சொல்லப்போகும் மற்ற எல்லாவற்றையும்விட அந்த இரண்டு எண்களே முக்கியமானவை.

படத்தின் உயரம். கடைக்காரர் சொல்லும் அங்குலம் மூலைவிட்ட அளவு. 27 அங்குல அகலத்திரையின் பரப்பு ஏறத்தாழ 60 சென்டிமீற்றருக்கு 33.6. அதில் 4:3 படம் நடுவில் மட்டும், 44.8 அகலத்தில் அமரும். இரு பக்கமும் கறுப்பு. அந்தப் படத்தை மட்டும் மூலைக்கு மூலை அளந்தால் 22 அங்குலம். 24 அங்குலத் திரையில் அதே கணக்கு 19.6 அங்குலம் என்று வரும். 1980களின் நிமிர்ந்த பெட்டிகளில் பரவலாக இருந்தது 19 அங்குலக் குழாய். எனவே 24 அங்குலம் சிறிது என்று யாரும் உங்களைக் கூச்சப்படுத்தவேண்டியதில்லை.

பார்வைக் கோணம். மேசை மொனிட்டரை ஒருவர் நேராகப் பார்க்கிறார். ஆர்கேட் பெட்டியில் திரை பின்சாய்ந்திருக்கும். அப்பா மேலிருந்து பார்ப்பார், பத்து வயது மகள் கீழிருந்து பார்ப்பாள், இருவர் ஆடினால் ஒவ்வொருவரும் ஒரு பக்கம். தட்டைத் திரைகள் பெரும்பாலும் டிஎன், விஏ, ஐபிஎஸ் என மூன்று வகை. டிஎன் வகைத் திரைகள் கீழிருந்து பார்த்தால் இருண்டு, நிறங்கள் மாறிப்போகும். அதே திரையைத் திருப்பி நிலைக்குத்தாக வைத்தால் அந்தக் குறை இடவலமாக வந்து சேரும். ஒரு கண்ணுக்கு ஒரு நிறமும் மறு கண்ணுக்கு வேறு நிறமுமாகத் தெரிந்து தலைவலி தரும். விஏ வகையில் கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருக்கும், ஓரப் பட்டைகள் இருட்டில் மறைந்துவிடும். ஆனால் கரிய பின்னணியில் உருவங்கள் நகரும்போது பின்னால் ஒரு நிழல் இழுபடுவதுண்டு, விண்வெளிச் சுடும் விளையாட்டுகளில் அது கண்ணை உறுத்தும். ஐபிஎஸ் எந்தப் பக்கத்திலிருந்தும் நிறம் மாறாது; அதன் கறுப்பு சற்றே சாம்பல். பெட்டிக்கு ஐபிஎஸ் என்பதே என் முடிவு. சாம்பல் ஓரத்தை ஒரு கறுப்பு அட்டையால் மறைத்துவிடலாம், நிறம் மாறும் திரையை எதனாலும் திருத்த முடியாது.

தாமதமும் அசைவும். நொடிக்கு 60 சட்டம் (தனிப் படம்) என்றால் ஒரு சட்டம் 16.7 மில்லிநொடி. பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே மூன்று நான்கு சட்டம் கூடினால், சின்ன வயதில் தாண்டிய பள்ளத்தை இன்று தாண்ட முடியாது. கை மறந்துவிட்டது என்று நாம் நம்மையே குறைசொல்லிக்கொள்வோம்.

மின்சாரம் போய் வந்தால். பெட்டிக்குள் பூட்டிய திரை, மின்சாரம் திரும்பியதும் தானாக விழிக்க வேண்டும். வெளிநாட்டு வழிகாட்டிகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. 2022 மார்ச் முடிவில் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டைக் கண்ட நமக்கு அது ஒரு வரியில் முடிகிற விடயமாக இல்லை.

## பழைய 19 அங்குல 5:4 மொனிட்டர்

ஒரு காலத்தில் ஒவ்வோர் அலுவலக மேசையிலும் இருந்த 1280×1024 திரை. பழைய கணினி விற்கும் கடைகளில் இன்றும் அடுக்கி வைத்திருக்கிறார்கள், புதிய எதையும்விட மலிவு. விகிதம் 5:4 என்பதால் 4:3 படம் ஏறத்தாழ முழுத் திரையையும் நிரப்பும். மேலும் கீழும் ஒரு சென்டிமீற்றர் கறுப்புதான். நல்ல நிலையில் ஒன்று அகப்பட்டால் மேசைமேல் வைக்கும் சிறு பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. உள்ளகலம் 42 சென்டிமீற்றர் போதும். வெள்ளவத்தையில் இரண்டு அறை மாடி வீட்டில் இருக்கும் எனக்கு அந்த 42இன் மதிப்பு நன்றாகத் தெரியும்.

அலைச்சல் தரக்கூடியது அந்த "நல்ல நிலை". இவற்றில் பல டிஎன் வகை. என் இரண்டாவது பெட்டிக்கு ஒரு கடையில் இப்படி ஒன்றை வாங்கி, கடை விளக்கில் பளிச்சென்று இருந்ததை நம்பி வீட்டுக்குக் கொண்டுவந்து நிலைக்குத்தாகப் பொருத்தினேன். கலகாவின் கறுப்பு வானம் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் பழுப்புமாகத் தெரிந்தது. கடையில் திருப்பிப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். அன்றிலிருந்து பழைய திரை எதையும் வாங்குமுன் ஓட விட்டு, கையில் எடுத்துத் திருப்பி, இடமும் வலமும் நகர்ந்து பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. கடைக்காரர் பொறுமையிழந்தால் இழக்கட்டும்.

இன்னும் சில. பழைய மொனிட்டர்களின் பின்னொளி மெல்லிய குழல் விளக்கு. வயதாகும்போது மங்கி, மஞ்சளோ இளஞ்சிவப்போ பூசிக்கொள்ளும். மின் பலகையின் மின்தேக்கிகள் உப்பியிருந்தால் சில மாதங்களில் நின்றுவிடும். மேலும் பல மாதிரிகளில் விஜிஏ, டிவிஐ எனும் பழைய படக்கம்பி வாய்கள் மட்டுமே உண்டு. எச்டிஎம்ஐயிலிருந்து டிவிஐக்கு ஒரு சாதாரண இணைப்பான் போதும். விஜிஏக்கு மின்சுற்றுள்ள மாற்றி தேவை.

## 20 அங்குல 4:3 மொனிட்டர்

1600×1200 புள்ளிகள், சரியான 4:3. டெல் 2007எப்பி இந்த வகையில் பெயர்பெற்றது. அதே பெயரில் ஐபிஎஸ் திரைப்பலகையோடும் விஏ குடும்பத்துத் திரைப்பலகையோடும் விற்கப்பட்டதால் மேலே சொன்ன சோதனை இங்கேயும் வேண்டும்.

இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஒரு தனி உற்சாகம் வருகிறது, காரணம் அழகு மட்டுமில்லை. திரையைப் பெட்டிக்குள் சுழற்றும்படி அமைக்க ஆசைப்படுவோர் அநேகர்: கிடை விளையாட்டுக்குப் படுக்கவும், பக்-மேனுக்கு நிமிரவும் வேண்டும். ஒரு செவ்வகம் சுழல அதன் மூலைவிட்டம் அளவுக்கு இடம் வேண்டும். 27 அங்குல அகலத்திரை விளிம்புச் சட்டத்தோடு சுழல 70 சென்டிமீற்றருக்கும் மேல் உள்ளகலம் கேட்கும். 20 அங்குல 4:3 திரை சட்டத்தோடு 58 சென்டிமீற்றருக்குள் சுழன்றுவிடும். சுழற்றி நிமிர்த்தியதும் பக்-மேன் 30.6க்கு 40.8 சென்டிமீற்றரில் திரை முழுவதும் நிற்கும். சுழலாத 27 அங்குலத்தில் அதே பக்-மேனின் உயரம் 33.6 மட்டும். சிறிய திரை பெரிய படத்தைத் தருவது இப்படித்தான்.

குறைகளை மறைக்க மாட்டேன். இவை இப்போது கடைகளில் புதிதாகக் கிடைப்பதில்லை. தேடவேண்டும், காத்திருக்கவேண்டும், பழுதானால் மாற்றுக்கு மறுபடியும் தேடவேண்டும். 60 ஹேர்ட்ஸுக்கு (நொடிக்கு 60 தடவை படம் புதுப்பித்தல்) மேல் எதிர்பார்க்கக்கூடாது. பொறுமையுள்ளவருக்கும், பட்டியலில் ஏறத்தாழப் பாதியாவது நிலைக்குத்து விளையாட்டுகள் உள்ளவருக்கும் உரியது.

## புதிய 24 அல்லது 27 அங்குல மொனிட்டர்

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஒரு நாள் மாலை ஏறி இறங்கினால் பல கடைகளில் இவற்றை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். புதியது, உத்தரவாதம் உண்டு, பின்புறத்தில் பெரும்பாலும் தாங்கியில் பூட்டுவதற்கான 100க்கு 100 மில்லிமீற்றர் பொதுத்தர வெசா துளைகள் இருக்கும், மின்சாரம் வந்ததும் பெரும்பாலும் முன்பிருந்த நிலைக்குத் தானாகத் திரும்பும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, மின்சாரம் மீண்டபோது என் இப்போதைய பெட்டி யாரும் தொடாமலே விழித்துக்கொண்டது.

24க்கும் 27க்கும் இடையில் அளவைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. 24 அங்குலம் பெரும்பாலும் 1920×1080. 27 அங்குலத்தில் 2560×1440 கிடைக்கும். பக்-மேனின் 288 புள்ளி உயரத்தை 1440 சரியாக ஐந்தால் பெருக்கி நிரப்பும். 1080இல் அது 3.75 மடங்கு, சில வரிகள் மூன்று புள்ளித் தடிப்பு, சில நான்கு. அசையாத படத்தில் கவனிக்கமாட்டீர்கள், உருளும் படத்தில் ஒரு நெளிவு தெரியும். 240 வரி விளையாட்டுகளுக்கு 1440 சரியாக ஆறு மடங்கு. ஸ்ட்ரீட் பைட்டரின் 224 வரி எதிலும் முழு எண்ணாக வராது, ஆனால் ஆறு மடங்கோடு நிறுத்தினால் 1440இல் 1344 வரை நிரம்பிவிடும். மேலும் கீழும் மெல்லிய கறுப்புக் கோடு மட்டும் மிஞ்சும். பழைய குழாயின் வரிக்கோடுகளைப் போலச் செய்யும் வடிப்பான்களும் 1440இல்தான் மூச்சுவிடுகின்றன. அந்த வடிப்பான்கள் வெளிச்சத்தைக் கணிசமாகக் குடித்துவிடும் என்பதால் பிரகாசமான திரையாகப் பாருங்கள்.

வேகமான திரைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். கொடுக்கலாம், இரண்டு காரணங்களுக்காக. முதலாவது, எல்லா ஆர்கேட் விளையாட்டுகளும் 60 ஹேர்ட்ஸில் ஓடுவதில்லை: மோர்ட்டல் கொம்பாட் 54.7, ஆர்-டைப் 55. நிலையான 60 ஹேர்ட்ஸ் திரையில் ஒன்று அசைவு தடுக்கும், அல்லது விளையாட்டு ஏறத்தாழ பத்து சதவீதம் வேகமாக ஓடும். புதுப்பிப்பு வீதம் தானாக மாறும் திரையும் அதற்கு ஒத்துழைக்கும் கணினி வரைகலை அட்டையும் இருந்தால் அந்த விளையாட்டு தன் சொந்த நடையில் நடக்கும். இரண்டாவது, 120 ஹேர்ட்ஸில் ஒவ்வொரு படத்துக்கும் இடையில் ஒரு கறுப்புச் சட்டம் செருகினால், தட்டைத் திரைகளுக்கே உரிய அசைவு மங்கல் பெருமளவு விலகும். 144 ஹேர்ட்ஸ் திரை வாங்கினாலும் இதற்கு 120இல் வைக்கவேண்டும். 144ஐ 60 மீதியின்றி வகுக்காது.

பாதகம் என்றால், பக்கங்களில் வீணாகும் இடமும், 27க்கு 62 சென்டிமீற்றர் உள்ளகலமும். அந்த ஓரங்களில் விளையாட்டின் ஓவியத்தைக் காட்ட, பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கணினியில் ஓடவைக்கும் மேம் மென்பொருளில் வசதி உண்டு. 1997இல் தொடங்கிய அந்தத் திட்டம் இல்லையென்றால் இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை வெறும் மரம்.

## 32 அங்குலத் தொலைக்காட்சி

முதல் பெட்டிக்கு நான் தெரிவுசெய்தது இதைத்தான். காரணம் எளிது: ஒரே பணத்துக்குப் பெரிய படம். 4:3 படம் 53க்கு 40 சென்டிமீற்றர், மூலைவிட்டத்தில் 26 அங்குலம். கூடத்தில் நான்கு பேர் சுற்றி நின்று பார்க்க நன்றாகவே இருந்தது.

மின்சாரம் ஒவ்வொரு முறை போய் வந்தபோதும் அது உறக்க நிலையிலேயே கிடந்தது. பின்பலகையைத் திறந்து கைவிட்டு, ஓரத்தில் இருக்கும் பொத்தானைத் தடவித் தேடவேண்டியிருந்தது. மூன்று மாதத்தில் திருகுகளின் துளைகள் தளர்ந்துவிட்டன. ரிமோட்டின் கதிர் படுவதற்குக் கண்ணாடியில் இடம் விடவேண்டும் என்பதும் பிறகுதான் புரிந்தது. விளையாட்டு நிலை என்ற அமைப்பை இயக்காவிட்டால் சில தொலைக்காட்சிகளின் தாமதம் 100 மில்லிநொடியைத் தாண்டும். அதாவது ஆறு சட்டம். இன்னொன்று கவனியுங்கள்: 32 அங்குலத்தில் மலிவானவை பல 1366×768 புள்ளிகள் மட்டுமே கொண்டவை.

சட்டத்தோடு 72, 73 சென்டிமீற்றர் என்பதால் பெட்டியின் வெளியகலம் 77 ஆகும். மாடி வீட்டின் மின்தூக்கியையும் அறைக் கதவையும் அளந்துவிட்டு முடிவெடுங்கள். தனி வீடு, பெரிய கூடம், நால்வர் ஆடும் பொத்தான் பலகை, எல்லாம் கிடை விளையாட்டுகள் என்றால் இதில் தவறில்லை. வாங்குமுன் கடையிலேயே செருகியைப் பிடுங்கி மறுபடி செருகிப் பாருங்கள். தானாக எழும் மாதிரியும் உண்டு.

## ஒரே பார்வையில்

அளவுகள் சென்டிமீற்றரில், அகலம் × உயரம்.

| திரை | கிடை விளையாட்டின் படம் | நிலைக்குத்துப் படம், திருப்பாமல் | உள்ளகலம், சுழற்றாமல் | யாருக்கு |
|---|---|---|---|---|
| 19 அங்குலம், 5:4 | 37.6 × 28.2 | 22.6 × 30.1 | 42 | மேசைப் பெட்டி, சிறிய செலவு |
| 20 அங்குலம், 4:3 | 40.8 × 30.6 | 23.0 × 30.6 (திருப்பினால் 30.6 × 40.8) | 45 | சுழலும் திரை, நிலைக்குத்துப் பட்டியல் |
| 24 அங்குலம், 16:9 | 39.8 × 29.9 | 22.4 × 29.9 | 55 | ஒடுங்கிய நிமிர்ந்த பெட்டி |
| 27 அங்குலம், 16:9 | 44.8 × 33.6 | 25.2 × 33.6 | 62 | கலந்த பட்டியல், முழு அளவுப் பெட்டி |
| 32 அங்குலத் தொலைக்காட்சி | 53.1 × 39.9 | 29.9 × 39.9 | 73 | பெரிய கூடம், பலர் |

அட்டவணைக்குள் அடங்காத ஒன்றும் உண்டு. எல்ஜி 2022இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டுவல்அப் திரை 16:18 என்ற வினோத விகிதம், 46.6 அகலம், 52.4 உயரம். கிடைப்படம் 35 உயரத்திலும் நிலைக்குத்துப் படம் 52 உயரத்திலும், எதையும் சுழற்றாமலே விழும். ஆர்கேட் பெட்டிக்கென்றே பிறந்ததுபோல இருக்கிறது. கொழும்புக் கடைகளில் நான் கண்டதில்லை, விலையும் எனக்கு எட்டாதது. கைக்கு எட்டுகிறவர் வாங்கினால் ஒரு தடவை வந்து பார்க்க அனுமதி கேட்பேன்.

## விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

கண்ணாடி. திரைக்கு முன்னால் ஒன்று கட்டாயம் வேண்டும். வன்மையாக்கிய கண்ணாடியைப் பின்னர் வெட்ட முடியாது. அளவு உறுதியான பிறகே சொல்லிச் செய்விக்கவேண்டும். அக்ரிலிக் மலிவு, ஆனால் கீறல் விழும்.

காற்று. கொழும்பின் வெக்கையில் மூடிய பெட்டி அடுப்பாகும். கீழே ஒரு துளையும் மேலே 120 மில்லிமீற்றர் விசிறியும் வையுங்கள். இரண்டு துளைக்கும் மெல்லிய கம்பி வலை அடியுங்கள். மின் பலகையின் சூட்டுக்கு வந்து ஒதுங்கும் பல்லி ஒன்று போதும், திரையும் போய்விடும். கடலோரத்தில் குடியிருப்போர் இணைப்பு முனைகளை ஆண்டுக்கு ஒரு முறை கழற்றித் துடைக்கவேண்டும். என் வீட்டிலிருந்து கடற்கரை நடந்துபோகும் தூரம். எச்டிஎம்ஐ முனையில் பச்சை பூத்ததை நானே கண்டிருக்கிறேன்.

உத்தரவாதம். மொனிட்டரின் வெளியுறையைக் கழற்றித் திரைப்பலகையை மட்டும் பொருத்தினால் அது பறிபோகும். பழைய குழல் விளக்குத் திரைகளில் பின்னொளிக்குப் போகும் மின்னழுத்தம் நூற்றுக்கணக்கான வோல்ட், தெரியாதவர் திறக்கக்கூடாது. உறையோடு பொருத்தி, முன்னால் கறுப்பு அட்டையால் சட்டத்தை மறைப்பதே பாதுகாப்பு.

விலை கேட்கும்போது 18 சதவீத வற் வரி சேர்ந்ததா என்றும் கேளுங்கள். மின்னழுத்த ஏற்றத்தாழ்வைத் தாங்க ஒரு பாதுகாப்புச் செருகிக்கும் கணக்கில் இடம் விடுங்கள்.

## தச்சருக்குச் சொன்ன பதில்

கொட்டாஞ்சேனைத் தம்பியிடம் பட்டியல் எழுதச் சொன்னேன். மறுநாள் 30 பெயர்கள் வந்தன. 14 நிலைக்குத்து, அவற்றில் பாதி அவருடைய அப்பாவின் விருப்பம், 16 கிடை. இழுபறிதான். 20 அங்குல 4:3 கிடைத்தால் அவருக்கு அதுதான், கிடைக்காவிட்டால் 27 அங்குல 1440 ஐபிஎஸ்.

தேடல் முடியும்வரை தச்சரைக் காக்க வைக்கத் தேவையில்லை. 20 அங்குலம் சுழல 58, 27 அங்குலம் அசையாமல் இருக்க 62. உள்ளகலத்தை 63 என்று சொல்லச் சொன்னேன், எந்தத் திரை வந்தாலும் பெட்டி தாங்கும். இரு பக்கப் பலகையின் உட்புறத்திலும் ஒரு தாங்குகட்டை அடித்து, குறுக்கே ஒரு பலகையைத் திருகிப் பொருத்தி, அதன் நடுவில் வெசா தட்டைப் பூட்டினால் திரையை மாற்றுவது அரை மணி நேர வேலை. பக்கப் பலகைகள் போன சனிக்கிழமை வெட்டி முடிந்துவிட்டன.